காசித்தும்பை போன வழி

தபால் நிலையச் சந்திப்பில், சிக்னல் கம்பத்தின் அடியில், ஒரு காசித்தும்பைச் செடி நின்றுகொண்டிருந்தது. முழங்கால் உயரம், நாலு பூ, நல்ல ரோஸ் நிறம். வேனில் என்னோடு வந்தவர்களில் இரண்டு பேர் அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, அதை வேரோடு பிடுங்கிக்கொண்டு ஏறினேன். பின்னால் நின்ற கார்க்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும். அவருக்கு அது பூ, எனக்கு அது பல வருடத் தலைவலி.

நகராட்சித் தோட்டத் துறையில் களையெடுக்கும் குழுவுக்கு நான் மேஸ்திரி. என் ஆட்கள் முகத்துக்கு நேரே மேஸ்திரியம்மா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத முடியாது.

மற்ற களையெல்லாம் காட்டிலிருந்து ஊருக்குள் வரும். இது ஊரிலிருந்து காட்டுக்குப் போனது. அனுப்பி வைத்ததே எங்கள் துறைதான். முன்பு இருந்த ஓர் அதிகாரிக்குப் பூங்கா நீரூற்றைச் சுற்றி வட்டமாகப் பூப்பாத்தி வைக்க வேண்டும் என்று ஆசை. விதை வரவழைத்தார். ரோஜா மாதிரி அடுக்கடுக்காக இதழ் வைத்த ரகம். வெள்ளை, சிவப்பு, ஊதா, பாதி வெள்ளை பாதி சிவப்பு என்று வகைக்கு ஒரு வரிசை. அப்போது அது செய்த ஜம்பம் கொஞ்சநஞ்சமல்ல. காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர், உச்சிவெயிலுக்குப் பந்தல். ஒரு வேளை மறந்தால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊரைக் கூட்டும். அதற்கு வேலைக்காரி நான்தான். இரண்டு மழைக்காலம் போயிற்று. பூங்கா வடிகால் வழியாக விதை நழுவிக் கால்வாய்க் கரையில் இறங்கிவிட்டது. பாத்தியில் இருந்ததெல்லாம் செத்துப்போனது. வெளியே ஓடிப்போனது மட்டும் சேற்றிலும் கல்லிடுக்கிலும் ஜோராகக் குடித்தனம் நடத்தியது. அடுக்கு இதழையெல்லாம் உதறிவிட்டு ஒற்றை அடுக்கு ரோஸ் பூவாகிவிட்டது. பந்தல் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, என்னையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருந்துவிட்டுப் போகட்டுமே, பூதானே என்று சிலர் என்னிடம் வாதாடுவதுண்டு. கரை முழுக்க அது நின்றால் புல் தலையெடுக்காது. பருவம் முடிந்ததும் மொத்தமாக மடிந்து விழும். மொட்டையாக நிற்கும் கரை அடுத்த மழையில் கால்வாய்க்குள் சரியும். அதனால் வருடா வருடம் காய் முத்துவதற்குள் பிடுங்கிவிடுவோம். முத்திய காய் விரல் பட்டாலே வெடித்துச் சுருண்டு விதையைத் தெறிக்க விடும். அப்படி முத்திவிட்டால் செடியின் தலையில் முதலில் சாக்கைக் கவிழ்த்து, கழுத்தைப் பிடித்துக் கட்டி, அப்புறம்தான் வேரில் கை வைக்க வேண்டும்.

போன வருடம் கையுறை வரவில்லை என்று மேலிடம் எங்களை உட்கார வைத்துவிட்டது. கையுறை வந்தபோது காயெல்லாம் முத்திப் பளபளவென்று நின்றது. சாக்கும் பாதியில் தீர்ந்தது. மிச்சத்தை அப்படியே லாரியில் குவித்துத் தார்ப்பாயைப் போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டி, கால்வாயிலிருந்து நேர்சாலையில் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோய் எரிக்கச் சொன்னேன். லாரி ஓட்டியது என் தம்பி.

அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு துறை கொடுத்த ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் நானும் அவனும்தான். எனக்கு வந்த இரண்டு வரன்களும் நான் பேசியதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அவனுக்கு ஏன் அமையவில்லை என்று கேட்டால், அமையவில்லை அக்கா என்பான். அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு சொல் வாங்க இடுக்கி வேண்டும்.

சிக்னல் கம்பத்துச் செடியை நான் மேசையில் வைத்ததும் எங்கள் புது அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். சின்ன வயதுப் பெண், நல்ல மாதிரி, ஆனால் எதையும் பாதியில் விடமாட்டார். கால்வாய் எங்கே, தபால் நிலையம் எங்கே, இது எப்படி இங்கே வந்தது, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார். யாராவது வீட்டில் ஆசைக்கு வளர்க்கிறார்களோ என்பது அவர் சந்தேகம். என் சந்தேகம் வேறு. லாரியையும் தம்பியையும் நினைத்துக்கொண்டு, பார்க்கிறேன் மேடம் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் குழுவில் ரேடியோ என்று ஒருத்தி இருக்கிறாள். காலையில் அவள் காதில் விழுந்தது மதியத்துக்குள் நகராட்சி முழுக்க ஒலிபரப்பாகிவிடும். அவளைப் பேருந்து நிலையப் பக்கம் தேட அனுப்பிவிட்டு, நான் மட்டும் சந்திப்புக்குப் போனேன்.

நேர்சாலையில் தேடினேன். ஒரு செடிகூட இல்லை, ஓரம் முழுக்க சிமெண்ட், விதை விழுந்தாலும் முளைக்க மண் இல்லை. இடது பக்கம் அச்சகச் சந்துக்குள் எட்டிப் பார்த்தால், சாக்கடை ஓரமாக ஒன்று. பத்தடி தள்ளி இன்னொன்று. வேகத்தடை வந்த இடத்தில் இரண்டு பக்கமும் கொத்தாக நின்றது, லாரி குலுங்கியிருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகப் பிரேக் போட்டிருக்கிறான், அங்கே ஒரு கொத்து. தையற்கடைத் திருப்பத்தில் மட்டும் எதிர்ப்பக்கச் சுவரோரம் முளைத்திருந்தது. திருப்பம் என்றாலே தெருவையே விலைக்கு வாங்கியவன் மாதிரி அகலமாக எடுக்கிறவன் எங்கள் துறையில் ஒருத்தன்தான். எனக்குத் தெரியாதா அவன் ஓட்டுகிற லட்சணம். நேர்சாலையை விட்டுவிட்டு இந்தத் தெருவில் துரைக்கு என்ன ஜோலி என்று திட்டிக்கொண்டே நடந்தேன். வழியில் ஒருவர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து ஒதுங்கி நின்று வழி விட்டார்.

அடுத்த தெருவில் ஒரு கடை வாசலோடு பூ நின்றுபோனது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை, லாரி அங்கேயே திரும்பியிருக்கிறது. ஆனால் அந்த வாசலில் பாத்தி கட்டி விதைத்தது போல ஒரே அடர்த்தி. அந்த லாரியின் ஓட்டுநர் பக்கக் கதவு பழசு, ஓங்கி அறைந்தால்தான் மூடும். ஒவ்வோர் அறைக்கும் எத்தனை காய் வெடித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு நாள் இறங்கி ஏறிய அடர்த்தி இல்லை அது. அந்த வேலை முடிகிற வரை தினமும் இங்கே இறங்கியிருக்கிறான்.

கடை வாசலில் வெயிலுக்காகச் சாய்த்துக் கட்டியிருந்த தகரத்தைப் பார்த்தேன். அதைத் தாங்கிக்கொண்டிருந்தது எங்கள் துறையின் நீலக் கயிறு. தார்ப்பாயின் பின்பக்கம் கட்டக் கொடுத்த கயிறு. வாசலில் இருந்த ஒரு செடியைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மிக்சி, ஃபேன், அயர்ன் பாக்ஸ் பழுது பார்க்கிற கடை. மேசைக்குப் பின்னால் ஒரு பெண் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஏதோ மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என் வயதுக்கு நாலைந்து குறைவு இருக்கும். காதில் கம்மலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருந்தாள். அவள் தலைக்கு மேலே அலமாரியைப் பார்த்ததும் நான் சொல்ல வந்தது மறந்துபோனது. எங்கள் வீட்டு மிக்சி. மூடியின் உடைந்த காதுக்கு நான் சுற்றிய பச்சை நூல் அப்படியே இருந்தது. பக்கத்தில் எங்கள் மேசை ஃபேன். அதற்குப் பக்கத்தில் எங்கள் அயர்ன் பாக்ஸ்.

ஒரு வருடமாக எங்கள் வீட்டில் எதுவும் உருப்படியாக ஓடவில்லை. மிக்சி திரும்பி வந்தால் ஃபேன் நிற்கும், ஃபேன் வந்தால் அயர்ன் பாக்ஸ் சூடேறாது, இந்த மாதம் மூன்றும் சேர்ந்தே படுத்துவிட்டன. கம்பெனிக்காரர்களை நான் சபிக்காத நாளில்லை. தம்பிதான் பாவம், முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போவான். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று நானே பக்கத்து வீட்டில் பெருமை அடித்திருக்கிறேன்.

அலமாரியைக் காட்டி, இதற்கெல்லாம் என்ன கோளாறு என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த செடியைப் பார்த்தாள். "ஒரு கோளாறும் இல்ல. உள்ள ஒரு வயரக் கழட்டி விட்டிருக்கு. மூணுலயும் அதே வயர். அவருக்கு அது ஒண்ணுதான் கழட்டத் தெரியும் போல." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க அவரோட அக்காதானே? உக்காருங்க."

உட்காரக் கூடாது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். அவள் எதையும் மறைக்கவில்லை. முதல் முறை மிக்சி நிஜமாகவே பழுதாகித்தான் வந்ததாம். அதற்குப் பிறகு வேலை நேரத்தில் இந்தப் பக்கமாக லாரியைக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் நிறுத்துவானாம். பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. அவள் வேலை செய்யும்போது டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பானாம். நாலு நாள் காற்று அடித்துத் தகரம் பறக்கப் பார்த்தபோது, கேட்காமலே லாரியிலிருந்து கயிற்றை அவிழ்த்துவந்து கட்டிக் கொடுத்தானாம். அந்த வாரமே கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று டார்ச்சைப் பார்த்துக்கொண்டே கேட்டானாம். சரி என்றிருக்கிறாள். அக்காவிடம் நல்ல சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்றவன் இன்னும் சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"எனக்குக் கோபம் இல்ல," என்றாள். "ஆனா அதுக்குள்ள அவர் சொல்லலைன்னா, மாசக் கடைசியில கடையக் காலி பண்றேன். எங்க அண்ணன் அவங்க ஊர்ல ஒரு இடம் பாத்து வச்சிருக்காரு. போயிட்டா திரும்பி வர மாட்டேன். இதை அவர்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்க வந்தத நான் சொல்ல மாட்டேன், அவரா வந்து உங்ககிட்ட சொல்லட்டும்."

நான் என்ன பேயா, பிசாசா, என்னிடம் சொல்ல இவனுக்கு என்ன பயம் என்று என் குரல் எகிறியது. அவள் அந்த மோட்டாரைக் கீழே வைத்தாள்.

"நீங்க திட்டுவீங்கன்னு அவருக்குப் பயம் இல்லைங்க. சந்தோஷமாப் போடான்னு சொல்லிட்டு, தனியா உக்காந்துருப்பீங்களேன்னுதான்."

செடியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன்.

கல்யாணம் ஆனால் அவன் அங்கேதான் குடியேற வேண்டும். கடை அவளுடையது, மாடியில் அவள் வீடு. எங்கள் ஒற்றை அறையில் மூன்று பேர் புரண்டு படுக்கக்கூட முடியாது. நடந்துகொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. திட்ட வேண்டாம், தடுக்க வேண்டாம். மாசக் கடைசி வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவன் சொல்ல மாட்டான், அவள் போய்விடுவாள், தம்பி என்னோடு இருந்துவிடுவான். நான் அங்கே போனதுகூட அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. வீடு வந்து சேரும் வரை அதைக் கைவிட மனசு வரவில்லை.

அன்று சாயங்காலம் அவன் வந்ததும், ஃபேனுக்கு இன்னும் ஒரு பாகம் வர வேண்டியிருக்கிறதாம் அக்கா என்றான். வியர்க்க வியர்க்க எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு விசிற ஓர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, தான் சாப்பிடுவதை விட்டுவிட்டு எனக்கு விசிறினான். பொய் சொன்ன பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு நல்லவனை என் பக்கத்தில் உட்கார வைத்துக் காய விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. ஆனாலும் அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை துறை முற்றத்தில் எல்லோரும் கூடினோம். தம்பி லாரியைத் துடைக்கிற சாக்கில் ஓரமாக நின்றான். ரேடியோ பேருந்து நிலையப் பக்கம் ஒரு பூகூட இல்லை என்பதைக் கால்மணி நேரம் விவரித்தாள். அதிகாரி அவளை உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

லாரியிலிருந்து விழுந்த விதைதான் என்று ஆரம்பித்தேன். அச்சகச் சந்து, வேகத்தடை, பள்ளிக்கூட வாசல், தையற்கடைத் திருப்பம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றுக்கும் தம்பியின் கையில் இருந்த துணி மெதுவாகிக்கொண்டே வந்தது. தார்ப்பாயின் பின்பக்கம் ஏன் திறந்திருந்தது என்று அதிகாரி கேட்டார். கட்டுகிற கயிறு ஒரு கடையின் தகரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்றேன். துணி நின்றுவிட்டது.

"சரி, நேர்சாலை இருக்கும்போது லாரி அந்தத் தெருவுக்கு எதுக்குப் போச்சு?" என்றார் அதிகாரி.

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் திருதிருவென்று விழித்தான். டீசல் போட, காற்று அடிக்க, வழி மாறிவிட்டது, எதை வேண்டுமானாலும் நான் சொல்லியிருக்கலாம். அவனும் ஆமாம் என்று தலையாட்டியிருப்பான். விஷயம் அங்கேயே புதைந்துபோயிருக்கும். அவன் முகத்தைப் பார்த்தேன். பொய்யை நான் சொல்லிவிட மாட்டேனா என்ற கெஞ்சலும், சொல்லிவிடுவேனோ என்ற பயமும் அந்த ஒரே முகத்தில் இருந்தன.

"கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணப் பாக்கப் போனான் மேடம்," என்றேன்.

ரேடியோவின் வாய் திறந்திருந்தது, ஒலிபரப்பு மட்டும் வரவில்லை. துறையில் சேர்ந்ததிலிருந்து அப்படி ஒரு காட்சியை யாரும் கண்டதில்லை. அதிகாரி குனிந்து கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பது போல உதட்டை மூடிக்கொண்டார். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, துறை வண்டியை அப்படிக் கொண்டுபோனது தப்பு என்றும், திங்கட்கிழமையிலிருந்து அவன் லாரியில் ஏறக் கூடாது என்றும், அந்தத் தெருவில் முளைத்த ஒவ்வொரு செடியையும் தன் கையாலேயே பிடுங்க வேண்டும் என்றும், விதை மண்ணில் கிடக்கும் என்பதால் அடுத்த வருடமும் அவனே போக வேண்டும் என்றும் சொன்னார். தண்டனையாம். தினமும் அந்த வாசலில் போய்க் குந்துவதற்கு அவனுக்கு உத்தரவே கிடைத்துவிட்டது.

கூட்டம் கலையும்போது அதிகாரி அவனைப் பார்த்துக் கல்யாணம் எப்போது என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

"காய் முத்துறதுக்குள்ள," என்றேன். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு ஒரு நடை மட்டும் லாரி அவனுடையது. நான் எப்போதும் ஆட்களோடு வேனில்தான் போவேன். அன்று லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவன் சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். தெருத் தெருவாகப் பூவை நட்டு வைத்துவிட்டு இப்படி ஒரு கேள்வி கேட்க உன்னால்தான் முடியும் என்றேன். அசடு வழிந்தான். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"நீ தனியா இருந்துடுவியாக்கா?"

இருந்துவிடுவேன், போடா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்து அதை விழுங்கிவிட்டேன்.

"கஷ்டமாத்தான்டா இருக்கும். வீட்டுக்கு வந்தா திட்டுறதுக்கு ஆள் இருக்காது. முதல் கொஞ்ச நாள் அழுவேன். நீ வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து திட்டு வாங்கிட்டுப் போ. ஆனா எனக்காக நீ இங்கயே இருந்தேன்னா, அதை என்னால தாங்க முடியாது."

அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் ஜன்னல் பக்கம் திரும்பி என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வண்டியை எடுடா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அதட்டினேன். எங்கே என்று கேட்டான். கிடங்குக்கு நீ போகிற வழியில்தான், வேறு எங்கே என்றேன்.

கடை வாசலில் அவன் இறங்கினான். நான் வரவில்லை, நீயே போய்ச் சொல் என்று சொல்லிவிட்டு முன்சீட்டிலேயே இருந்தேன். உள்ளே அவன் என்ன பேசினானோ, பேசினானோ இல்லையோ, ஒரு சத்தமும் கேட்கவில்லை. திரும்பி நடந்தே வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். இனிமேல் இது அவர்கள் இடம், எனக்கு இங்கே என்ன இருக்கிறது என்று மனசு கனத்துப்போய் இருந்தது.

அவள்தான் வெளியே வந்தாள். கண்ணாடி நெற்றியில் இருந்தது, கண் சிவந்திருந்தது. லாரிப் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"என்னக்கா, வண்டியிலேயே உக்காந்துட்ட? இறங்கி உள்ள வா."

என்னை உரிமையோடு நீ, வா என்று கூப்பிட இத்தனை நாளாக ஒருத்தன்தான் இருந்தான். நான் கதவைத் திறந்து இறங்கினேன்.